பழைய மென்பொருளின் மொழிக்கு நாமே இண்டர்பிரட்டர் எழுதுவது எப்படி, வழக்கில் மாட்டாமல்

சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டங்களில் குலை வெட்டும் வேலையைக் குத்தகைக்கு எடுத்து நடத்தும் ஒரு காண்ட்ராக்டர் அலுவலகம். அங்கே ஒரு பழைய கணினியில் ஒரு பழைய சம்பள மென்பொருள் ஓடுகிறது. குலைக்கு எவ்வளவு, உதிரிப் பழத்துக்கு எவ்வளவு, ஓய்வு நாளில் வந்தால் எவ்வளவு, முன்பணத்தில் பிடித்தம் எவ்வளவு என்று எல்லாவற்றையும் அந்த மென்பொருளுக்கே உரிய ஒரு குட்டி ஸ்கிரிப்ட் மொழியில் எழுதி வைத்திருக்கிறார்கள். எழுதிய கிராணி ஓய்வு பெற்றுப் போய்விட்டார். ஸ்கிரிப்ட் மட்டும் மாதாமாதம் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. இப்போது மென்பொருளை விற்ற நிறுவனம், பழைய பதிப்பு புதிய விண்டோஸில் ஓடாது, இனிமேல் வருடச் சந்தா கட்டுங்கள் என்கிறது. சந்தாத் தொகையைக் கேட்டால் அந்த மாதமே தலை சுற்றும்.

இதைப் பார்த்த பொலிடெக்னிக் முடித்த தம்பி ஒருவர் கேட்டார்: "அண்ணே, அந்த மொழிக்கு நானே ஒரு இண்டர்பிரட்டர் எழுதிட்டா, ஸ்கிரிப்டுல கை வைக்காமலே ஓட்டலாமே. கேஸ் போடுவாங்களா?"

எழுதலாம். இண்டர்பிரட்டர் என்பது ஒரு மொழியில் எழுதிய ஸ்கிரிப்டைப் படித்து, அது சொல்வதைச் செய்து முடிக்கும் நிரல். மொழி ஒன்றை நாமே புதிதாக ஓட்ட வைப்பதைப் பதிப்புரிமைச் சட்டம் தடுப்பதில்லை. ஆனால் மொழியைச் சுற்றி இருக்கும் மற்ற விஷயங்கள், அதாவது மேனுவல், நிறுவும்போது நாம் சம்மதம் சொன்ன ஒப்பந்தம், லைப்ரரி (மென்பொருளோடு வரும் தயார் நிரல்கள்), பெயர், யார் காசில் யார் நேரத்தில் எழுதினோம் என்பது, இவற்றில்தான் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள். நான் வக்கீல் இல்லை. நிரல் எழுதுபவன். இந்த வேலையைச் செய்யப் போகிறவர் எந்த இடத்தில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சட்டம் எதைப் பிடிக்கும், எதை விடும்

நம் நாட்டில் இதற்கான சட்டம் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், சட்ட எண் 332. அதில் கணினி நிரல் ஓர் இலக்கியப் படைப்பு. ஆமாம், கவிதையும் பேரோல் நிரலும் ஒரே வகையில்தான் வருகின்றன. யாரும் எங்கும் பதிவு செய்யத் தேவையில்லை, எழுதிய உடனேயே உரிமை வந்துவிடும். மலேசியா 1990இல் பெர்ன் உடன்படிக்கை என்ற பன்னாட்டுப் பதிப்புரிமை ஒப்பந்தத்தில் சேர்ந்துவிட்டதால், அமெரிக்காவிலோ ஜெர்மனியிலோ எழுதப்பட்ட நிரலுக்கும் இங்கே அதே பாதுகாப்பு உண்டு. "வெளிநாட்டுக் கம்பெனிதானே, இங்கே என்ன செய்வான்" என்று தே தாரே குடித்துக்கொண்டே யாராவது அடித்துச் சொன்னால், சிரித்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

அதே சட்டத்தின் 7ஆம் பிரிவில் 2ஏ என்று ஓர் உட்பிரிவு இருக்கிறது. கருத்து, செயல்முறை, இயக்கும் முறை, கணிதக் கோட்பாடு இவற்றுக்குப் பதிப்புரிமை கிடையாது என்று அது சொல்கிறது. நமக்கு வேண்டிய கதவு இதுதான். குலை எண்ணிக்கையை விலையால் பெருக்கி முன்பணத்தைக் கழிப்பது ஒரு முறை. அதை ஒருவர் எந்த வரிகளில் எழுதினார் என்பது அவருடைய வெளிப்பாடு. முறையை எடுத்துக்கொள்ளலாம், வரிகளை எடுக்கக் கூடாது.

கேட்க எளிதாக இருக்கிறது. ஒரு நிரலாக்க மொழி இதில் எந்தப் பக்கம்? முறையா, வெளிப்பாடா? இந்தக் கேள்விக்கு நம் கதையை அப்படியே உரித்து வைத்தது போல ஒரு வழக்கு ஐரோப்பாவில் நடந்தது.

ஸாஸ் வழக்கை முழுக்கத் தெரிந்துகொள்ளுங்கள்

ஸாஸ் என்பது அமெரிக்காவின் வட கரோலைனாவில் உள்ள நிறுவனம். புள்ளியியல் மென்பொருளும் அதற்கென்று ஒரு மொழியும் அவர்களுடையது. வாடிக்கையாளர்கள் அந்த மொழியில் ஆண்டுக்கணக்காக ஸ்கிரிப்ட் எழுதிக் குவித்துவிட்டார்கள், அதனால் வேறு எங்கும் போக முடியவில்லை. வேர்ல்ட் புரோகிராமிங் என்ற ஒரு சிறிய பிரிட்டிஷ் நிறுவனம், அதே ஸ்கிரிப்ட்களை அப்படியே ஓட்டும் சொந்த மென்பொருள் ஒன்றை எழுதியது. ஸாஸின் மூல நிரலை அவர்கள் பார்க்கவே இல்லை. மேனுவலைப் படித்தார்கள், ஸாஸின் கற்றல் பதிப்பை வாங்கி அது எப்படி நடந்துகொள்கிறது என்று ஓட்டி ஓட்டிப் பார்த்தார்கள்.

ஐரோப்பிய நீதிமன்றம் 2012 மே 2ஆம் தேதி தீர்ப்புச் சொன்னது. மென்பொருள் செய்யும் வேலை, அதன் நிரலாக்க மொழி, அது பயன்படுத்தும் கோப்பு வடிவம், இந்த மூன்றும் நிரலின் வெளிப்பாடு ஆகாது, அதனால் நிரல் என்ற வகையில் அவற்றுக்குப் பாதுகாப்பு இல்லை என்றது. அடுத்த ஆண்டு லண்டன் உயர்நீதிமன்றம் அதன்படியே முடித்தது. இண்டர்பிரட்டர் எழுதுகிறவர்களுக்குத் தீபாவளிதான்.

ஆனால் அதே லண்டன் தீர்ப்பில் ஒரு விஷயத்தில் வேர்ல்ட் புரோகிராமிங் தோற்றது. தங்கள் பயனர் மேனுவலை எழுதும்போது ஸாஸ் மேனுவலின் வாசகங்களை மிக நெருக்கமாக ஒட்டி எழுதிவிட்டார்கள். மென்பொருள் தப்பித்தது, மேனுவல் மாட்டிக்கொண்டது!

அமெரிக்காவில் நடந்தது இன்னும் மோசம். கற்றல் பதிப்பை நிறுவும்போது ஓர் ஒப்பந்தத்துக்குச் சம்மதம் சொல்ல வேண்டும் அல்லவா? அதை மீறினார்கள் என்று வட கரோலைனா நீதிமன்றம் சொன்னது, பொய்யான நோக்கம் காட்டி வாங்கினார்கள் என்று அங்கே ஜூரி முடிவு செய்தது. நஷ்ட ஈடு 2.6 கோடி டாலருக்கு மேல். அந்த மாநிலச் சட்டப்படி அதை மூன்றால் பெருக்கி, ஏறக்குறைய 7.9 கோடி டாலர். 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. பதிப்புரிமை என்ற பேச்சில் ஸாஸ் அங்கேயும் ஜெயிக்கவில்லை, டெக்சஸில் போட்ட இன்னொரு வழக்கு 2023இல் மேல்முறையீட்டிலும் தோற்றது. ஆனால் கை நழுவிய பணம் நழுவியதுதான்.

இவை எதுவும் மலேசிய நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் நம் நீதிபதிகள் ஆங்கிலேயத் தீர்ப்புகளை எடுத்துப் பார்ப்பது வழக்கம், நம் 2ஏ உட்பிரிவும் அதே திசையில்தான் பேசுகிறது.

எதைப் படிக்கலாம், எதைத் தொடக் கூடாது

முதல் வேலை, அந்த அலுவலகத்தில் மென்பொருளோடு வந்த எல்லாவற்றையும் மேசையில் கொட்டி நான்காகப் பிரியுங்கள். கிராணி எழுதிய ஸ்கிரிப்ட்கள் ஒரு பக்கம். நிறுவனம் மாதிரிக்காகவோ லைப்ரரியாகவோ கொடுத்த ஸ்கிரிப்ட்கள் இன்னொரு பக்கம். மேனுவல். கடைசியாக நிரல் கோப்பு.

கிராணி எழுதியவை அலுவலக வேலையாக எழுதப்பட்டவை, அதனால் உரிமை காண்ட்ராக்டருடையது. அவர் சம்மதித்தால் தாராளமாகப் பாருங்கள், ஓட்டுங்கள், உங்கள் சோதனைக்கு வையுங்கள். நிறுவனம் கொடுத்த ஸ்கிரிப்ட்கள் நிறுவனத்துடையவை. அவற்றை உங்கள் இண்டர்பிரட்டரோடு சேர்த்து மூட்டை கட்டி விநியோகிக்கவே கூடாது. பெரும்பாலும் இந்த இரண்டும் ஒரே ஃபோல்டரில் கலந்து கிடக்கும், கோப்பின் தலைப்பில் பதிப்புரிமை வரி இருக்கிறதா என்று பார்த்துப் பிரியுங்கள். சந்தேகமாக இருந்தால் நிறுவனத்துடையது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

மேனுவலைப் படிக்கலாம். படித்துப் புரிந்துகொண்டபின் மூடி வைத்துவிட்டு, உங்கள் வார்த்தையில் உங்கள் குறிப்பை எழுதுங்கள். மேனுவலைத் திறந்து வைத்துக்கொண்டு பக்கத்திலேயே உங்கள் ஆவணத்தை எழுதுவதுதான் ஸாஸ் வழக்கில் மாட்டிய வழி. அட்டவணைகளும் உதாரணங்களும்கூட உங்களுடையதாக இருக்கட்டும். அவர்கள் ரப்பர் தோட்டத்தை வைத்து உதாரணம் சொல்லியிருந்தால் நீங்கள் மளிகைக் கடையை வைத்துச் சொல்லுங்கள், என்ன இப்போது!

நிரல் கோப்பை உடைத்து உள்ளே பார்க்காதீர்கள். அமெரிக்காவில் சேகாவுக்கும் அக்கோலேடுக்கும் நடந்த 1992 வழக்கு, சோனிக்கும் கனெக்டிக்ஸுக்கும் நடந்த 2000ஆம் ஆண்டு வழக்கு என்று இதற்கு ஆதரவான தீர்ப்புகள் உண்டுதான், ஆனால் அவை அந்த நாட்டின் நியாயமான பயன்பாடு என்ற கோட்பாட்டில், அதாவது சில பயன்பாட்டுக்கு உரிமையாளரின் அனுமதி தேவையில்லை என்பதில், நிற்பவை. அதைவிட முக்கியமாக, உங்களுக்கு அது தேவையே இல்லை. ஸ்கிரிப்டும் கையில் இருக்கிறது, ஆண்டுக்கணக்கான சம்பளப் பட்டியல்களும் கையில் இருக்கின்றன. உள்ளே போவது எது, வெளியே வருவது எது என்று இரண்டும் தெரிந்தபின் நடுவில் இருப்பதை நீங்களே எழுதிவிடலாம். பழைய கணினியின் பின்னால் டாங்கிள் (மென்பொருளைத் திறக்கும் சின்னப் பூட்டுக் கருவி) செருகியிருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். தொழில்நுட்பப் பூட்டை உடைப்பது நம் சட்டத்தில் தனிக் குற்றம்.

அடுத்து ஒப்பந்தம். நிறுவும்போது வந்த உரையை முழுக்கப் படியுங்கள். யாரும் படிக்க மாட்டார்கள், நீங்கள் படியுங்கள். தலைகீழ்ப் பொறியியல் (மென்பொருளை ஆராய்ந்து அது எப்படிச் செய்யப்பட்டது என்று கண்டுபிடிப்பது) செய்யக் கூடாது, போட்டி மென்பொருள் உருவாக்கப் பயன்படுத்தக் கூடாது என்று ஏதாவது வரி இருக்கும். ஐரோப்பாவில் உரிமம் பெற்ற பயனர் மென்பொருளை ஓட்டிப் பார்த்து ஆராய்வதை ஒப்பந்தத்தால் தடுக்க முடியாது என்று சட்டமே இருக்கிறது, ஆனால் அந்தக் குடையை நம்பி நீங்கள் சுங்கை சிப்புட்டில் மழையில் இறங்காதீர்கள். பாதுகாப்பான வழி, நீங்கள் அந்த மென்பொருளை நிறுவவும் வேண்டாம், ஓட்டவும் வேண்டாம், சம்மதம் சொல்லவும் வேண்டாம். ஏற்கெனவே அச்சடித்து வைத்திருக்கும் வெளியீடுகளை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். வேறு ஏதாவது புதிய வெளியீடு வேண்டுமென்றால், வழக்கமாகச் சம்பளம் போடுகிறவர் வழக்கம்போலப் போட்டதைக் கேட்டு வாங்குங்கள்.

எங்கிருந்து தெரிந்தது என்று எழுதி வையுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு அறிவுரையைத்தான் எடுத்துக்கொள்வேன் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். மொழியின் ஒவ்வொரு விதியையும் எங்கிருந்து தெரிந்துகொண்டீர்கள் என்று ஒரு நோட்டில் தேதியோடு எழுதுங்கள். "வகுத்தலில் மீதி வந்தால் வெட்டி எறிகிறது, 2019 மார்ச் சம்பளப் பட்டியலில் 3ஆம் வரியைப் பார்த்துக் கண்டுபிடித்தது" என்கிற மாதிரி. விதி ஒன்று, மூலம் ஒன்று, தேதி ஒன்று. கித்தில், அதாவது கோப்புகளின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவியில், வைத்தால் இன்னும் நல்லது, கமிட் செய்த (மாற்றத்தைப் பதிந்த) நேரம் தானாகவே பதிவாகிவிடும்.

ஏன் என்றால், யாராவது "நீ என் நிரலைக் காப்பி அடித்தாய்" என்று வந்து நின்றால், இரண்டு நிரலும் ஒரே மாதிரி நடந்துகொள்வதை நீங்கள் மறுக்கவே முடியாது. அப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்காகத்தானே எழுதினீர்கள். ஒரே மாதிரி இருப்பதற்குக் காரணம் வேறு என்று காட்ட இந்த நோட்டு ஒன்றுதான் இருக்கும்.

பெரிய நிறுவனங்கள் இதை இரண்டு குழுவாகச் செய்வார்கள். 1980களில் ஐபிஎம் கணினியின் பயாஸை (கணினியைத் தொடங்கி வைக்கும் அடிப்படை நிரலை) பீனிக்ஸ் நிறுவனம் மறுபடி எழுதியபோது, ஒரு குழு ஐபிஎம் பயாஸைப் படித்து அது என்ன செய்கிறது என்று விவரக்குறிப்பு மட்டும் எழுதியது, ஐபிஎம் நிரலைப் பார்க்காத இன்னொருவர் பக்கம் அதை வைத்து நிரல் எழுதும் வேலை. இத்தனைக்கும் ஐபிஎம் தன் பயாஸ் நிரலைத் தொழில்நுட்பக் கையேட்டில் அச்சிட்டே விற்றது. படிக்கக் கிடைக்கிறது என்பதால் காப்பி அடிக்கலாம் என்று ஆகிவிடாது, அதனால்தான் இந்தச் சுவர்.

நீங்கள் ஒரே ஆளாக இருந்தால் சுவர் எழுப்ப முடியாது. அதனால் மூல நிரலைப் பார்க்காமல் இருப்பதே உங்கள் சுவர். ஊரில் யாராவது அந்த நிறுவனத்தில் முன்பு வேலை செய்தவர் "வா தம்பி, உள்ளே எப்படி இருக்கும்னு காட்டுறேன்" என்று பென்டிரைவோடு வந்தால், நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள். விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட்டும் வைன் திட்டம், மைக்ரோசாஃப்டின் மூல நிரலைப் பார்த்தவர்களிடமிருந்து பங்களிப்பை வாங்குவதில்லை. அவர்களுக்கு இருக்கும் பயம் நமக்கும் இருக்கட்டும்.

செயற்கை நுண்ணறிவு உதவியாளர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். லெக்சர் (ஸ்கிரிப்டைச் சொல் சொல்லாகப் பிரிக்கும் பகுதி) எழுத, சோதனை எழுத, உதவி கேளுங்கள், தப்பில்லை. ஆனால் "இந்த மொழியின் இந்த ஃபங்ஷனை அப்படியே எழுதிக் கொடு" என்று பெயர் சொல்லிக் கேட்டால், எங்கோ படித்த நிரலை வரி மாறாமல் கக்கும் ஆபத்து உண்டு. அது எங்கிருந்து வந்தது என்று உங்கள் நோட்டில் எழுத முடியாது. அப்படியானால் வேண்டாம்.

எழுதத் தொடங்குவது

எல்லா ஸ்கிரிப்ட்களையும் சேர்த்துப் பார்த்தால், கிராணி அந்த மொழியில் கால்வாசியைத்தான் பயன்படுத்தியிருப்பார். அந்தக் கால்வாசிக்கு மட்டும் எழுதுங்கள். மேனுவலில் உள்ள அத்தனையையும் எழுத உட்கார்ந்தால் சட்டம் தடுக்காது, சலிப்பு தடுத்துவிடும்.

லெக்சரை நாமே எழுதலாம், பெரிய வித்தை ஒன்றும் இல்லை. அந்தச் சொற்களை இலக்கணப்படி ஒரு மரமாக அடுக்குவது பார்சர், அதற்கு ரிகர்சிவ் டிசென்ட் முறை போதும். ஒவ்வொரு இலக்கண விதிக்கும் ஒரு ஃபங்ஷன் (ஒரு வேலையைச் செய்யும் பெயரிட்ட நிரல் துண்டு), பெருக்கல் முந்தியா கூட்டல் முந்தியா என்பதற்கு ஒரு சின்ன அட்டவணை. கிடைத்த மரத்தில் நடந்து நடந்து கணக்கிட்டால் இண்டர்பிரட்டர் ஆயிற்று. சம்பளக் கணக்குக்கு இதற்கு மேல் வேகம் தேவையில்லை. இதெல்லாம் பாடப்புத்தகங்களில் இருக்கும் பொது முறைகள், யாருக்கும் தனிச் சொத்து இல்லை.

இலக்கண விதிகளைக் கொடுத்தால் பார்சரைத் தானே எழுதித் தரும் பைசன் போன்ற பார்சர் ஜெனரேட்டரைப் பயன்படுத்தினால் ஒரு சங்கதி. பைசன் ஜிபிஎல் என்ற கட்டற்ற மென்பொருள் உரிமத்தில் வருகிறது, அது உருவாக்கும் பார்சரில் பைசனுடைய நிரலின் ஒரு பகுதியும் சேர்ந்தே வரும். பழைய காலத்தில் இதனால் அந்தப் பார்சர் உள்ள மென்பொருளும் கட்டற்ற மென்பொருளாக இருக்க வேண்டிய நிலை இருந்தது. பிறகு உரிமத்தில் விதிவிலக்கு சேர்த்துவிட்டார்கள், இன்று கவலையில்லை. ஜிசிசி கம்பைலரின் ரன்டைமுக்கும் (உருவான நிரல் ஓடும்போது கூடவே வேண்டியிருக்கும் துணை நிரலுக்கும்) இதே மாதிரி விதிவிலக்கு இருக்கிறது. நீங்கள் பயன்படுத்தும் கருவி தன் நிரலை உங்கள் வெளியீட்டுக்குள் வைக்கிறதா, வைத்தால் அதற்கு என்ன உரிமம் என்று பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால் போதும். உங்கள் சொந்த ரன்டைமுக்கும் இது பொருந்தும். அதை உங்கள் மொழியில் எழுதும் மற்றவர்களின் நிரலோடு ஒட்டி அனுப்புவதாக இருந்தால், அவர்களுக்கு அனுமதி தெளிவாகக் கிடைக்கும்படி எழுதி வையுங்கள்.

மண்டையைக் குடையப் போவது சென் கணக்குதான். பழைய மென்பொருள் ஒவ்வொரு வரியிலும் சென்னுக்கு முழுமையாக்குகிறதா, கடைசி மொத்தத்தில் மட்டுமா? அரை சென் வந்தால் மேலே தள்ளுகிறதா, வெட்டுகிறதா? வருடத்தை இரண்டு இலக்கத்தில் வைத்திருக்கிறதா? ஒரு தொழிலாளியின் சம்பளம் ஒரு சென் மாறினாலும் காண்ட்ராக்டருக்கு உங்கள் மேல் நம்பிக்கை போய்விடும், அது நியாயமும்கூட. அதனால் பழைய மென்பொருளில் இருக்கும் தப்பையும் அப்படியே செய்ய வேண்டிவரலாம். தப்பைக் காப்பி அடிப்பது குற்றமா என்று தம்பி கேட்டார். தப்பாக நடந்துகொள்வதும் நடத்தைதான். அந்த நடத்தையை உங்கள் வரிகளில் எழுதினால் சரி, நோட்டில் எந்தப் பட்டியலில் பார்த்தீர்கள் என்று குறித்துவிடுங்கள்.

பழைய சம்பளப் பட்டியல்களே உங்களுக்குச் சிறந்த சோதனைத் தொகுப்பு, நிறுவனத்தின் சோதனைக் கோப்புகள் எதுவும் வேண்டாம். ஆனால் அவற்றை அப்படியே கிட்ஹப்பில் ஏற்றிவிடாதீர்கள். தொழிலாளிகளின் பெயர், அடையாள அட்டை எண், சம்பளம், கடன் எல்லாம் அதில் இருக்கிறது. 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், யார் எவ்வளவு முன்பணம் வாங்கினார் என்பது ஊருக்கே தெரிந்தால் நன்றாகவா இருக்கும்? பெயர்களையும் எண்களையும் மாற்றிய பிறகே வெளியே விடுங்கள்.

ஃபங்ஷன் பெயர்கள் ஒன்றாக இருக்கலாமா

ஸ்கிரிப்ட் ஓட வேண்டுமென்றால் உள்ளமைந்த ஃபங்ஷன்களின் பெயரும், எந்த வரிசையில் எதைக் கொடுக்க வேண்டும் என்பதும் மாறக் கூடாது. இந்தக் கேள்வியில்தான் கூகுளும் ஆரக்கிளும் 2010இலிருந்து பத்து ஆண்டுக்கு மேல் மல்லுக்கட்டினார்கள். ஆண்ட்ராய்டுக்காக ஜாவா மொழியின் 37 ஏபிஐ தொகுப்புகளின் (மற்ற நிரல்கள் கூப்பிட்டுப் பயன்படுத்தும் தயார் ஃபங்ஷன்களின்) அறிவிப்பு வரிகளை, அதாவது பெயரையும் கொடுக்க வேண்டியவற்றையும் சொல்லும் வரிகளை, கூகுள் எடுத்துக்கொண்டது, ஏறக்குறைய 11,500 வரிகள். உள்ளே வேலை செய்யும் நிரலைத் தானே எழுதியது. 2021 ஏப்ரல் 5ஆம் தேதி அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6க்கு 2 என்ற கணக்கில் இது நியாயமான பயன்பாடு என்றது. கவனியுங்கள், அறிவிப்பு வரிகளுக்குப் பதிப்புரிமை உண்டா இல்லையா என்ற கேள்வியை அது தொடாமல் விட்டுவிட்டது. அதனால் "ஏபிஐக்குப் பதிப்புரிமையே இல்லை என்று தீர்ப்பாகிவிட்டது" என்று சொல்பவர்கள் தீர்ப்பைப் படிக்கவில்லை.

அந்த வழக்கில் எனக்குப் பிடித்த பகுதி வேறு. அத்தனை லட்சம் வரிகளுக்கு நடுவில், எண் எல்லைக்குள் இருக்கிறதா என்று பார்க்கும் 9 வரி ஃபங்ஷன் ஒன்று இரண்டு பக்கமும் அச்சாக ஒரே மாதிரி இருந்தது. பள்ளிக்கூடப் பையனே எழுதக்கூடிய 9 வரி. அதில் மீறல் என்றே ஜூரி சொன்னது. அதனால் ஃபங்ஷனின் உடம்பை எவ்வளவு சின்னதாக இருந்தாலும் நீங்களே எழுதுங்கள். பெயரும் அளவுருக்களின் (ஃபங்ஷனுக்குக் கொடுக்கும் மதிப்புகளின்) வரிசையும் மட்டும், அதுவும் ஸ்கிரிப்ட் ஓடத் தேவையானவை மட்டும், ஒத்திருக்கட்டும்.

இன்னும் பழைய வழக்கு ஒன்று உங்களுக்குத் தெம்பு தரும். லோட்டஸ் 1-2-3 விரிதாளில் பயனர்கள் எழுதிய மேக்ரோக்கள் (கட்டளைகளைத் தொடராகச் செய்யும் குட்டி ஸ்கிரிப்ட்கள்) தன் விரிதாளான குவாட்ரோ புரோவிலும் ஓட வேண்டும் என்று போர்லேண்ட் நிறுவனம் லோட்டஸின் மெனுக் கட்டளை அமைப்பை அப்படியே வைத்தது. 1995இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அது இயக்கும் முறை, பதிப்புரிமை இல்லை என்றது. உச்ச நீதிமன்றத்தில் 1996இல் 4க்கு 4 என்று பிளந்துபோய், கீழ்த் தீர்ப்பு அப்படியே நின்றது.

திறந்த மூலத்திலிருந்து எடுத்தால்

எல்லாவற்றையும் சுழியிலிருந்து எழுத வேண்டும் என்ற வீம்பு தேவையில்லை. லுவா என்ற சின்ன மொழி, கட்டுப்பாடு குறைந்த எம்ஐடி உரிமத்தில் வருகிறது, அதன் மேலேயே உங்கள் மொழியைக் கட்டலாம், பதிப்புரிமை வரியையும் உரிம உரையையும் கூடவே வைத்தால் போதும். தமிழில் கட்டளைச் சொற்கள் வைக்க ஆசைப்படுகிறவர்கள் எழில் மொழியைப் பார்த்திருப்பீர்கள், பைத்தானில் எழுதியது, ஜிபிஎல் உரிமம். அதன் நிரலை எடுத்து உங்களுடையதில் சேர்த்து விநியோகித்தால் உங்கள் நிரலையும் ஜிபிஎல்லிலேயே மூலத்தோடு கொடுக்க வேண்டும். "பதிப்பி" என்ற ஒற்றைச் சொல்லைக் கட்டளையாக வைப்பதற்கு யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

பெயர் தனி விவகாரம். பெயருக்குப் பதிப்புரிமை வராது, வணிகச் சின்னம் வரும். இங்கே 2019ஆம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டம். ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் தரநிலைக்கு எக்மாஸ்கிரிப்ட் என்று நாக்கு சுளுக்கும் பெயர் வந்ததே சின்னத்தின் உரிமை வேறு ஒருவரிடம் இருந்ததால்தான். உங்கள் இண்டர்பிரட்டருக்கு அந்த நிறுவனத்தின் பெயரையோ அதன் வாலையோ வைக்காதீர்கள். "இன்ன மென்பொருளின் ஸ்கிரிப்ட்களை ஓட்டும்" என்று விளக்கத்தில் உண்மையைச் சொல்லிக்கொள்ளலாம், லோகோ மட்டும் வேண்டாம்.

எழுதி முடித்தபின் யாருக்குச் சொந்தம்

இதை ஊரில் யாருமே யோசிப்பதில்லை. நம் சட்டத்தின் 26ஆம் பிரிவைப் பாருங்கள். ஒருவர் காசு கொடுத்துச் செய்யச் சொன்ன படைப்பின் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், செய்யச் சொன்னவருக்கே மாறியதாகக் கருதப்படும். வேலை நேரத்தில் முதலாளிக்காக எழுதியதும் அப்படியே முதலாளிக்குப் போகும். அதாவது காண்ட்ராக்டர் அங்கிள் "இந்தா ரெண்டாயிரம் ரிங்கிட், செஞ்சு கொடு" என்று சொல்லி நீங்களும் தலையாட்டிவிட்டால், அந்த இண்டர்பிரட்டரே அவருடையது என்று ஆகிவிடலாம். அடுத்த ஊர் காண்ட்ராக்டருக்கு அதையே விற்கப் போனால் அவர் அனுமதி வேண்டும். அவருக்கு அந்த எண்ணமே இருக்காது, அவருக்குச் சம்பளம் போட்டால் போதும். அவர் மகன் ஒருநாள் கணக்குப் பார்க்க வரும்போது எண்ணம் வரலாம்.

அதனால் வேலை தொடங்கும் முன்பே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். இண்டர்பிரட்டர் உரிமை எழுதியவருக்கு, காண்ட்ராக்டருக்குத் தன் தொழிலில் காலவரையின்றிப் பயன்படுத்தும் உரிமை, ஸ்கிரிப்டும் தரவும் காண்ட்ராக்டருக்கு. மூன்று வரி போதும். சொந்தக்காரர்களாக இருந்தால் கேட்கச் சங்கடமாக இருக்கும், பரவாயில்லை, கேளுங்கள். பகலில் ஈப்போவிலோ பினாங்கிலோ நிரலாளராக வேலை செய்கிறவர்கள் தங்கள் நியமனக் கடிதத்தையும் ஒருமுறை எடுத்துப் படியுங்கள். வேலைக்கு வெளியே எழுதியதும் நிறுவனத்துக்கே என்று சில கடிதங்களில் இருக்கும். கம்பெனி லேப்டாப்பில் இதைத் தொடாதீர்கள். கல்லூரியில் இறுதி ஆண்டுத் திட்டமாகச் செய்வதாக இருந்தால் கல்லூரியின் விதியையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

உரிமை உங்களுடையது என்று ஆனபின், மலேசியாவின் அறிவுசார் சொத்து அலுவலகமான மைஐபிஓவில் தன்னார்வ அறிவிப்பு செய்யும் வசதி 2012இலிருந்து இருக்கிறது. கட்டாயம் இல்லை. நாளைக்கு யாருடையது என்று தகராறு வந்தால் ஒரு சான்றாக உதவும். விற்கும் எண்ணம் இருந்தால் செய்யலாம், சும்மா ஊருக்கு உதவியாக எழுதியதென்றால் எம்ஐடி உரிமத்தைப் போட்டு வெளியே விட்டுவிடுவதே என் யோசனை.

கடிதம் வந்தால்

எல்லாம் சரியாகச் செய்தும் ஒரு நாள் வக்கீல் கடிதம் வரலாம். கடிதம் வந்ததாலேயே நீங்கள் தப்பு செய்தவர் ஆகிவிட மாட்டீர்கள், பயமுறுத்திப் பார்க்க அனுப்புவதும் உண்டு. அதற்காகத் தூக்கி எறியவும் வேண்டாம், வாட்சாப்பில் அவர்களைத் திட்டிப் பதில் போடவும் வேண்டாம். எந்தக் கோப்பை, எந்த வாசகத்தை, எந்த ஒப்பந்த வரியைச் சொல்கிறார்கள் என்று பாருங்கள். "எங்கள் மொழியைத் திருடிவிட்டீர்கள்" என்று பொதுவாக மட்டும் இருந்தால் அது ஒரு மாதிரி, "மேனுவல் பக்கம் இத்தனையில் உள்ள பத்தி உங்கள் உதவிக் கோப்பில் இருக்கிறது" என்று இருந்தால் வேறு மாதிரி. நோட்டையும், காண்ட்ராக்டரிடம் கையெழுத்து வாங்கிய தாளையும், கடிதத்தையும் எடுத்துக்கொண்டு அறிவுசார் சொத்து பார்க்கும் வக்கீல் ஒருவரிடம் போங்கள், பதிலை அவர் எழுதட்டும். அதுவரை கித்தில் எதையும் அழிக்காதீர்கள், பழைய கமிட்களைத் திருத்தி எழுதாதீர்கள், நோட்டில் விட்டுப்போன தேதிகளை இப்போது உட்கார்ந்து நிரப்பாதீர்கள்.